நாலு ஹெட்போனும் ஒரு தவிலும்

"பெட்டியை உடைச்சா வாங்கத்தான் வேணும் தம்பி" எண்டு கொழும்பில ஒரு கடையில சொல்லிப்போட்டினம். விடிய ரயிலேறி நானூறு கிலோமீற்றர் போனதே அந்த ஹெட்போனை ஒரு பத்து நிமிசம் தலையில போட்டுக் கேட்டுப் பாக்கத்தான். கடைக்காரரிலயும் பிழை சொல்லேலாது, உடைச்ச பெட்டியை ஆர் முழு விலைக்கு வாங்குவினம். எண்டாலும் யாழ்ப்பாணத்தில எங்கட திருநெல்வேலிச் சந்தையில ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கவே நாங்கள் காம்படியை மணந்து பாத்துத்தானே பையில போடுறம், இது ஐஞ்சு லட்சத்துக்குக் கிட்ட வாற சாமான், சத்தம் எப்பிடி எண்டு தெரியாம எப்பிடி வாங்கிறது. திரும்பி வரேக்க ரயிலில அநுராதபுரம் தாண்டும் வரைக்கும் மனம் ஆறேல்ல.

ஐஞ்சு லட்சம் எண்டதுக்கும் ஒரு கதை இருக்கு. நான் கண் வைச்சது சென்ஹைசர் எச்டி 800 எஸ், அது 2016ல வரேக்க 1,700 டொலர். டொலர் இருநூறு ரூபாயில நிண்ட காலத்தில அது மூண்டரை லட்சம், பிறகு 2022ல டொலர் மளமளவெண்டு 360க்குப் போக அதே சாமான் ஆறு லட்சமாப் போச்சு. நான் சேர்த்து வைச்ச காசு அந்த இடத்திலேயே நிண்டது, ஹெட்போன் மட்டும் தென்னை மரத்தில ஏறினது. பேந்து டொலர் 300 பக்கமா இறங்க எனக்குத் திரும்பவும் ஆசை எழும்பிட்டுது. (மனிசிக்கு இந்தக் கணக்கு இண்டைக்கும் முழுசாத் தெரியாது. இதை வாசிச்சா தெரிய வரும்.)

அந்த வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு கனடா ஸ்காபரோவில இருந்து பெரியம்மான்ர மோன் வந்தவர். அண்ணைக்கு இந்த ஹெட்போன் வருத்தம் என்னை விடக் கூட. உடுப்புக் கொண்டு வந்தாரோ இல்லையோ, சூட்கேசுக்குள்ள எச்டி 800 எஸ் ஒண்டும் ஓடிசி எல்சிடி-எக்ஸ் ஒண்டும், ரெண்டையும் ஓட்டுறதுக்கு ஒரு சின்ன அம்ப்ளிஃபயரும் கிடந்தது. கொக்குவிலில கலியாண வீடியோ எடிட் பண்ணுற என்ர சிநேகிதன் ஒருத்தனிட்ட ஏற்கனவே ஒரு பழைய சென்ஹைசர் எச்டி 600ம், பெயர்டைனமிக் டிடி 990 புரோவும் இருந்தது. "மச்சான் ரெண்டு கிழமைக்குத் தா" எண்டு கேட்டு வாங்கியந்தன். அப்பிடித்தான் கொழும்பில ஒரு கடையிலயும் கிடைக்காத ஒப்பீடு எங்கட வீட்டு விறாந்தையில, பிளாஸ்ரிக் கதிரையில இருந்தபடி கிடைச்சது.

முதல் நாள் செய்ததெல்லாம் பிழை. ஒண்டைக் கழட்டி மற்றதைப் போட்டு, வொலியூமைக் கையால திருகி, காதுக்குச் சரியெண்டு பட்ட இடத்தில விட்டு, கொப்பியில மார்க்ஸ் போட்டுக்கொண்டு போனன். பொழுதுபடேக்க முதலாவதா வந்து நிண்டது ஆரெண்டு நினைக்கிறியள்? நாலுக்குள்ள ஆகவும் மலிவான டிடி 990. தாளம் சிலீர் எண்டுது, பேஸ் திம்மெண்டுது, பாடுறவர் எச்சில் விழுங்கிறது கூடக் கேக்குது. எல்சிடி-எக்சுக்கு நான் எழுதி வைச்சது "மந்தம், போர்வைக்குள்ள". அண்ணை கொப்பியைப் பாத்துப்போட்டு ஒண்டும் சொல்லேல்ல, சிரிச்சவர்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எனக்கு டைனமோ ஞாபகம் வந்தது. தொண்ணூறில இருந்து தொண்ணூற்றைஞ்சு வரைக்கும் இஞ்ச கரண்ட் இல்ல, பற்றரியும் கிடையாது, கிடைச்சாலும் ஆனை விலை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில ஒரு டையோட்டைப் பிடிச்சு றேடியோவுக்குக் குடுத்து, ஒராள் பெடலைக் கையால சுத்த மற்ற எல்லாரும் சுத்தி இருந்து செய்தி கேட்ட காலம். சுத்திறது அநேகமா நான்தான், எனக்கு அப்ப எட்டு ஒன்பது வயசு. கை உளைஞ்சு மெதுவாச் சுத்தினா சித்தப்பா "என்னடா ஒண்டும் விளங்கேல்ல" எண்டுவார், இறுக்கிச் சுத்தினா "ஆ, இப்பதான் வடிவாக் கேக்குது" எண்டுவார். செய்தி வாசிக்கிறவர் அதே ஆள்தான், றேடியோவும் அதே றேடியோதான், சத்தம் கூடினதைத்தான் சித்தப்பா தெளிவெண்டு சொன்னவர். நானும் அண்டைக்கு முழுக்க அதைத்தான் செய்திருக்கிறன்.

இது சித்தப்பாவின்ர காதுக் குறையும் இல்ல. 1933லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் எண்ட ரெண்டு பேர் அளந்து காட்டினவை, சத்தம் குறையக் குறைய எங்கட காதுக்கு முதல் காணாமப் போறது பேஸ். ஒரே பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைச்சா சத்தம் மட்டும் கூடாது, அடியும் நிரம்பின மாதிரி இருக்கும், நுணுக்கமும் கூடக் கேக்கும். ஒண்டு ரெண்டு டெசிபல் வித்தியாசத்தைக் காது "சத்தம் கூட" எண்டு பிடிக்காது, "தரம் கூட" எண்டுதான் எடுத்துக்கொள்ளும். அதோட இந்த ஹெட்போனுகள் ஒண்டுக்கொண்டு பொருந்தாத சாதியள், மின்தடையைப் பாத்தா எச்டி 800 எசும் எச்டி 600ம் 300 ஓம், டிடி 990 எங்களிட்ட இருந்தது 250 ஓம், எல்சிடி-எக்ஸ் வெறும் 20 ஓம். வொலியூம் குமிழை ஒரே இடத்தில விட்டு நாலையும் மாத்தினா ஒண்டு காதைப் பிச்சுப்போடும், மற்றது முனகும்.

அடுத்த நாள் ஒரு காட்போட் மட்டையில ஓட்டை போட்டு, ஃபோன்ர மைக்கை அதுக்குள்ள வைச்சு, ஹெட்போனை மட்டையில கவிட்டு, பிங்க் நொய்ஸ் எண்ட இரைச்சலை ஓடவிட்டு டெசிபல் அப்பில அளந்தன். ஆய்வுகூட அளவை இல்ல இது, சுத்தப் பாமர வேலை, எண்டாலும் கையால திருகிறதை விட எவ்வளவோ மேல். அளந்து பாத்தா முதல் நாள் டிடி 990ஐ நான் எல்சிடி-எக்சை விட நாலு டெசிபலுக்கு மேல கூட்டி வைச்சுக் கேட்டிருக்கிறன்! வெக்கமாப் போச்சு. கொப்பியில அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டன்.

அளவைச் சரியாக்கினாப் பிறகு கேட்டதுதான் உண்மையான ஒப்பீடு. டிடி 990 அப்பவும் முதல் ஐஞ்சு நிமிசம் மினுங்கிச்சு, ஆனா முக்கால் மணித்தியாலத்தில காதுக்குள்ள பொடி மணல் போட்ட மாதிரி ஒரு களைப்பு. அதின்ர எட்டாயிரம் ஹேர்ட்ஸ் பக்கத்தில, கீச்சுச் சத்தம் வாற இடத்தில, சத்தத்தைத் தூக்கிற ஒரு மேடு இருக்கு, "ச", "ஸ்" வாற இடமெல்லாம் ஊசி குத்தும். பிழை தேடி எடிட் பண்ணுற என்ர சிநேகிதனுக்கு அது வசதி, எனக்கு இரவில பாட்டுக் கேக்கச் சரிவராது. அதை மூண்டாம் நாளே பெட்டிக்குள்ள வைச்சிட்டன்.

எதை வைச்சுக் கேக்கிறது எண்டதில எனக்கும் அண்ணைக்கும் ஒரு பெரிய வாக்குவாதம். அவர் ஹெட்போன் சோதிக்கவெண்டே ஒரு பாட்டு லிஸ்ட் வைச்சிருக்கிறார், எல்லாம் சுத்தமான ஸ்ரூடியோப் பதிவு. நான் கேட்டன், அண்ணை, இந்த வயலின் ஸ்ரூடியோவுக்குள்ள உண்மையில எப்பிடிக் கேட்டதெண்டு உங்களுக்குத் தெரியுமோ? அதை மிக்ஸ் பண்ணின ஆள் தன்ர ஸ்பீக்கரில நல்லாக் கேக்கிற மாதிரித் திருத்தியிருப்பார், அந்த ஸ்பீக்கர் எப்பிடியெண்டு எங்களுக்குத் தெரியாது, அப்ப நாங்கள் ஹெட்போனைச் சோதிக்கிறமோ அந்தாளின்ர ஸ்பீக்கரைச் சோதிக்கிறமோ? இது நான் கண்டுபிடிச்ச கேள்வி இல்ல, ஒலி ஆராய்ச்சி செய்த ஃப்ளொயிட் டூல் இதுக்குக் குழப்ப வட்டம் எண்டு பேரே வைச்சிருக்கிறார். அண்ணைக்கு இது தெரியும், எண்டாலும் தம்பிக்காரன் சொல்லி ஒத்துக்கொள்ள மனமில்ல.

என்னட்ட ஒரு பதிவு இருக்கு. எங்கட ஒழுங்கை முடிவில இருக்கிற கோயிலில அதுக்கு முந்தின வருசக் கொடியேத்தத்தண்டு ஒரு கையடக்க ரெக்கோடரைத் தூணில கட்டிவிட்டு எடுத்தது. நான் தூணுக்குப் பக்கத்தில நிண்டனான். நாதஸ்வரம் எனக்கு இடக்கைப் பக்கம், தவில் வலக்கைப் பக்கம், பத்தடிகூட இல்ல. தாளம் போடுற பெடியன் ரெண்டு பேருக்கும் பின்னால. நடுவில ஒரு ஆச்சி "தள்ளி நில்லுங்கோ பிள்ளையள்" எண்டு சொல்லுறா, பிறகு கண்டாமணி. தரமான பதிவெண்டு சொல்லேலாது, ஆனா அங்க என்ன சத்தம் வந்ததெண்டு என்ர காதுக்குத் தெரியும், அது போதும்.

எச்டி 800 எசில அதைப் போட்டன். ஆச்சி நிண்ட இடம் தெரிஞ்சுது. உண்மையாத்தான் சொல்லுறன், தலையைத் திருப்பிப் பாத்தனான். அதின்ர கூடு பெரிசு, சத்தத்தை எழுப்பிற 56 மில்லிமீற்றர் ட்ரைவர் காதுக்கு முன்னால கொஞ்சம் தள்ளிச் சரிவா இருக்கு, அதால சத்தம் மண்டைக்குள்ள இருந்து வராம வெளியில இருந்து வாற மாதிரிக் கிடக்கும், சவுண்ட்ஸ்டேஜ் எண்டு எல்லாரும் சொல்லுறது இதைத்தான். 2009ல வந்த முதல் எச்டி 800ல ஆறாயிரம் ஹேர்ட்ஸ் பக்கம் ஒரு கூர் இருந்தது, எஸ் மொடலில அதை உறிஞ்சிறதுக்கு உள்ளுக்க ஒரு சின்ன அமைப்பு வைச்சிருக்கிறாங்கள், எண்டாலும் தாளம் அப்பவும் கொஞ்சம் வெள்ளியாத்தான் கேட்டுது.

எல்சிடி-எக்ஸ் வேற உலகம். மெல்லிய படலம் ஒண்டு முழுசா அசையிற ப்ளேனர் வகை, அறுநூறு கிராமுக்கு மேல பாரம், தலையில ஒரு செங்கல் வைச்ச மாதிரி. தவிலின்ர தொப்பிப் பக்கத்தில பூவரசங் கழி விழேக்க வாற அந்த அடி இருக்கே, நெஞ்சில விழுற அடி, அது இதில மட்டும்தான் வந்தது. எச்டி 600ல அந்த அடி கேக்கும், இறங்காது, அறுபது ஹேர்ட்சுக்குக் கீழ அது மெல்ல மெல்லக் கை விட்டிடும். ஆனா நாதஸ்வரம் எல்சிடி-எக்சில பக்கத்து வளவுக்குள்ள போய் நிண்டு வாசிக்கிற மாதிரி. இதுக்குக் காரணம் இருக்கு, எங்கட காதுக்குழாய் ரெண்டரை சென்ரிமீற்றர் நீளம், மூவாயிரம் ஹேர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்தை அது தானாவே கூட்டிக் குடுக்கும். ஸ்பீக்கரில கேக்கேக்க அது இயல்பா நடக்கும், காதை மூடி ஹெட்போனைப் போட்டா அந்த ஒழுங்கு குழம்பும், அதால ஹெட்போன் செய்யிறவன் அந்த இடத்தைத் தானே உயர்த்தி வைக்கோணும். எல்சிடி-எக்ஸ் அதில கொஞ்சம் கஞ்சத்தனம். நாதஸ்வரத்தின்ர உயிர் கிடக்கிறதே அந்த இடத்திலதான்.

அண்ணை "ஈக்யூ போட்டா சரி வரும்" எண்டவர், பேஸ், கீச்சு எண்டு ஒவ்வொண்டையும் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கிறதுதான் ஈக்யூ. போட்டுப் பாத்தம், முக்கால்வாசி சரி வந்ததுதான். எச்டி 600க்குக் கீழ்ப் பேஸைக் கூட்டினா ஒரு அளவுக்குப் பிறகு தொப்பி கலங்கிச்சு, எல்சிடி-எக்ஸ் எவ்வளவு கூட்டினாலும் அசையேல்ல. பிறகு அவர் யாழ்ப்பாணத்துத் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியின்ர பழைய பதிவு ஒண்டைப் போட்டவர். 1975ல போன மனுசன், நாடா இரைச்சல் மழை மாதிரிப் பெய்யுது, எச்டி 800 எசில அந்த மழையையும் தவிலையும் தனித்தனியாப் பிரிச்சுக் கேக்கலாம். ஹெட்போன் சோதிக்க அது உதவேல்ல. ஒரு மணித்தியாலம் ரெண்டு பேரும் கதைக்காம இருந்தது மட்டும்தான் மிச்சம்.

இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம், வெளிநாட்டுக்காரர் ரிவியூவில சொல்லாதது. இந்த மூண்டும் ஓப்பன் பேக், வெளிச்சத்தம் உள்ளுக்க வரும். யாழ்ப்பாணத்தில ஆவணி வெக்கையில ஃபான் இல்லாம இருக்கேலாது, ஃபானைப் போட்டா நீங்கள் மூண்டு லட்சம் கூடக் குடுத்து வாங்கின நுணுக்கம் எல்லாம் அந்த இரைச்சலுக்குள்ள புதைஞ்சிடும். ஃபானை நிப்பாட்டினா எல்சிடி-எக்சின்ர தோல் மெத்தைக்குள்ள காது அவியும். எச்டி 600ல துணி மாதிரி மெத்தை, அது பரவாயில்ல. நான் உண்மையாக் கேட்டதெண்டா இரவு பதினொண்டுக்குப் பிறகு, நாயள் அடங்கின நேரம், ஃபானை ஒண்டில வைச்சு.

பத்தாம் நாளோ என்னவோ, அந்தப் பதிவில தவில் வாசிச்ச ஐயாவே வீட்டுப் பக்கம் வந்தவர், அம்மாவிட்ட தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு மேசையைப் பாத்து "என்ன தம்பி, வானொலி நிலையம் வைக்கப் போறியளோ" எண்டு கேட்டவர். இருத்தி மூண்டையும் மாறி மாறிப் போட்டு விட்டன், விலையும் பேரும் சொல்லேல்ல. முதல் எச்டி 800 எஸ். கண்ணை மூடிக் கேட்டுப்போட்டு, "நல்லாத்தான் கிடக்கு, ஆனா இது கோயில் தெற்கு வீதியில நிண்டு கேக்கிற சத்தம், நான் வாசிக்கேக்க எனக்குக் கேக்கிறது இல்ல" எண்டவர். எல்சிடி-எக்சுக்கு "தொப்பி சரி, நாயனக்காரருக்கு என்ன, சுகமில்லையோ?" எச்டி 600ஐப் போட்ட உடன இவரின்ர வலக்கை விரலெல்லாம் தொடையில ஓடத் தொடங்கிட்டுது. "இதில விரல்ல போடுற கூடு தோலில படுறது கேக்குது. மற்றதுகளில கூடு மட்டும் கேக்குது." எண்டு சொல்லிப்போட்டு, பதிவில தான் ஒரு இடத்தில காலம் தவறினதைக் கண்டுபிடிச்சு அதைப் பற்றியே கதைச்சுக்கொண்டிருந்தார், ஹெட்போனை மறந்தே போனார்.

தோலும் கூடும் எண்டு அவர் சொன்ன வித்தியாசம் அதுக்கு முதல் எனக்குக் கேக்கவே இல்ல. இப்ப கேக்காம இருக்கேலாது.

இதை வாசிச்சுப்போட்டு "பாத்தியளோ, மலிவானதுதான் வெண்டது" எண்டு சொல்ல வெளிக்கிட வேண்டாம். 1997ல வந்த எச்டி 600ன்ர விலை எச்டி 800 எசின்ர நாலில ஒரு பங்குக்குக் கிட்ட, உண்மைதான். 2017ல ஜெரோன் பிரேபார்ட் எண்டவர் 283 ஹெட்போனின்ர அதிர்வெண் அளவுகளை எடுத்து விலையோட ஒப்பிட்டு, ரெண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு கட்டுரை எழுதினவர், அதுவும் உண்மை. ஷோன் ஒலிவ் எண்ட ஆராய்ச்சியாளர் ஆக்கள் ஹார்மன் எண்ட ஒலிக் கம்பனியில ஆக்களை இருத்திக் கேக்க வைச்சு எந்தச் சமநிலை பெரும்பாலானவைக்குப் பிடிக்குதெண்டு ஒரு வளைகோடு கீறி வைச்சிருக்கினம், விலை கூடின கனக்க ஹெட்போன் அந்தக் கோட்டில இருந்து விலகித்தான் நிக்குது. அதுக்காக எச்டி 800 எஸ் செய்த அந்த வேலையை, ஆச்சியை ஒரு இடத்தில நிப்பாட்டின வேலையை, எச்டி 600 செய்யேல்ல. அதில எல்லாரும் காதுக்குப் பக்கத்தில ஒரு சின்ன அறைக்குள்ள நெருங்கி நிண்டவை. காசு ஒரு பிரச்சினையா இல்லாட்டி நான் எச்டி 800 எஸ்தான் வாங்கியிருப்பன். வாங்காததுக்குக் காரணம் காசு. காசில்லாததை ரசனையெண்டு சொல்லி மூடுறவையைக் கண்டா எனக்குப் பத்தும்.

எல்சிடி-எக்சை விட்டது கழுத்தால. கணக்கு வேலை செய்யிறவனுக்கு ஏற்கனவே கழுத்து நோ.

அண்ணை திரும்பிப் போய் அடுத்த மாதமே தெரிஞ்ச ஆள் ஒருத்தரிட்ட புது எச்டி 600 குடுத்து விட்டவர். அண்டு இரவே அதே பதிவைப் போட்டன். முதல் தவில் உருப்படி முடியிறதுக்குள்ள விளங்கிட்டுது, இது நான் ரெண்டு கிழமை கேட்ட ஹெட்போன் இல்ல. நாதஸ்வரம் ஒரு அடி பின்னால, தோல்ச் சத்தம் குறைவு, தலையை வேற நண்டு மாதிரிக் கவ்விப் பிடிக்குது. போலிச் சாமானோ எண்டு கூட நினைச்சன். சிநேகிதன்ர பழசை ஓடிப்போய் வாங்கியந்து பக்கத்தில வைச்சுப் பாத்தாத்தான் தெரிஞ்சுது, அவன் வருசக்கணக்காப் பாவிச்ச மெத்தை அப்பம் மாதிரிச் சப்பையாக் கிடக்கு, ட்ரைவர் காதுக்கு அவ்வளவு கிட்ட வந்திட்டுது. நான் ஆசைப்பட்டது அந்தச் சப்பை மெத்தையின்ர சத்தத்துக்கு. ஐயா கேட்டதும் அதைத்தான். மட்டையில ஓட்டை போட்டு டெசிபல் அளந்தவனுக்கு மெத்தையை அமத்திப் பாக்கத் தோணேல்ல பாருங்கோ. பழைய ஹெட்போனை இரவல் வாங்கிச் சோதிக்கிறவை மெத்தை எத்தினை வருசப் பழசெண்டு முதல் கேளுங்கோ.

கவ்விறதுக்கு மருந்து லேசு, ரெண்டு இரவு பெட்டியில விரிச்சுப் போட்டு வைச்சன், இளகிட்டுது. மெத்தைக்கு சிநேகிதனிட்ட கதைச்சன், "உன்ர பழசைக் கழட்டித் தா, என்ர புதுசை நீ வைச்சுக்கொள்". அவன் முதல் நான் பகிடி விடுறன் எண்டுதான் நினைச்சவன், பிறகு ஏமாத்திறனோ எண்டு ஒருக்கா யோசிச்சவன், பிறகு பெடியன் மனம் மாற முதல் எண்டு அவதிப்பட்டுக் கழட்டித் தந்தவன். ஆரோ ஒருத்தன்ர வருசக்கணக்கு வேர்வை ஊறின மெத்தையை நான் கிணத்தடியில சவுக்காரம் போட்டுக் கழுவிக் கொடியில காயப்போட, மனிசி குசினி வாசலில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவ.

"புதுசைக் குடுத்துப் பழசு வாங்கினதோ?"

"ஓம்."

"எவ்வளவு எண்டு சொன்னியள் அந்தச் சாமான்?"